ஜாக்டாவின் சாம்பல் கழுத்து

“நீ கொண்டு வருகிற குச்சி எல்லாம் ஈரம். புகைதான் மிச்சம், என் கண் இரண்டும் போச்சு!”

உனா சொன்னதை ஜாக்டா அப்படியே ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தது. புகைதான் மிச்சமாம். மழை ஓயாத அயர்லாந்தில் காய்ந்த குச்சிக்கு எங்கே போவதாம்?

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும், எதிர்த்தும் பேசும். ஜாக்டா காகத்துக்குத் தங்கை முறை. உருவத்தில் சின்னது, உடம்பு முழுக்கக் கறுப்பு. உனாவின் கோட்டையில் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிப் போடுவது அதன் வேலை. அதற்குக் கூலி, அடுப்போரம் ஓர் இடம்.

தலைமுறைகளாக அணையாத அடுப்பு அது. அணைந்துவிட்டால் புதிதாக உரசி மூட்டக் கூடாது; பொழுது சாய்வதற்குள் அக்கம்பக்கத்தில் நெருப்பு வாங்கி வந்து மூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் குடும்பமே கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். குலத்துக் கட்டு அப்படி.

“ஈரமென்றால் நீங்களே போய்ப் பொறுக்குங்கள், அம்மா.”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை! மே முதல் தேதியும் அதுவுமாக உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. பால் கறக்கப் போகிறேன். தணலைச் சாம்பல் போட்டு மூடியிருக்கிறேன். கிளறாமல் சும்மா இரு, அது போதும்.”

கதவு சாத்தியதும் ஜாக்டாவுக்கு ரோஷம் பொங்கியது. தணல் கொஞ்சம் மங்கட்டும், உனா தவிக்கட்டுமே. ‘உன் ஈரக் குச்சியையாவது கொடு’ என்று கெஞ்சட்டுமே. அடுப்புக்குள் இறங்கிச் சிறகை அடித்தது. சாம்பல் பறந்து கழுத்தெல்லாம் படிந்தது. தணல் ஜோராகச் சிவந்தது, பிறகு கறுத்தது. ஜாக்டா ஊதி ஊதிப் பார்த்தது. ஒரு பொறி இல்லை.

உனா வந்து பார்த்தாள். இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜாக்டா பின்னாலேயே பறந்தது.

மே முதல் தேதியில் அந்த ஊரில் யாரும் நெருப்பை வாசல் தாண்ட விட மாட்டார்கள். வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடுமாம். இது ஜாக்டாவுக்குத் தெரியாததா? கோபத்தில் மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசல் வாசலாக ஏறி இறங்கி, கடைசியாக மேவ் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“நாளைக்கு வாயேன் உனா, சட்டி நிறையத் தருகிறேன்.”

“நாளைக்கு எனக்கு வீடு இருக்காதே, மேவ்.”

மேவ் அழுதாள். அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

பொழுது சாய்ந்தது. உனாவின் புருஷன் வண்டியைப் பூட்டினான். பிள்ளைகள் ஏறினார்கள். உனா காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜாக்டா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. சில மழைக்காலங்களில் கூரை இறங்கியது, சுவர் விரிசல் விட்டது. புகைபோக்கி மட்டும் நின்றது.

அன்று முதல்தான் ஜாக்டாவின் கழுத்தில் கழுவினாலும் போகாத அந்தச் சாம்பல் நிறம். அன்று முதல்தான் அயர்லாந்தின் இடிந்த கோட்டைகளில் ஜாக்டாக்கள் ஓயாமல் புகைபோக்கிக்குள் குச்சி போடுகின்றன. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கும்.

“காய்ந்த குச்சிதான், அம்மா. ஒரே ஒரு தரம் பற்ற வைத்துப் பாருங்களேன்.”