வெயிலில் குளிர்ந்த எருமை

வறண்ட காட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டை. அதில் கழுத்துவரை முங்கிக் கிடந்தது ஓர் எருமைக்கடா. கரையில், காய்ந்த சரளைக் கல்லுக்கு நடுவே, நாலு முட்டைகளை அடைகாத்தது ஆள்காட்டிக் குருவி.

வெயில் ஏற ஏற, குருவி குட்டைக்கு ஓடிவந்து வயிற்று இறகை நனைக்கும். திரும்ப ஓடி முட்டைகளுக்கு ஈரம் காட்டும். இல்லாவிட்டால் முட்டை வெந்தே போகுமே! ஓடும்போதெல்லாம் "டிட்டிட்டீ!" என்று ஒரே கத்தல்.

"ஏம்மா இப்படிப் பதறுறே? என்னைப் பாரு, கூல்! என்னைவிடக் கூலான ஆளு இந்தக் காட்டுல உண்டா?" என்றது எருமை. ரோட்டோரம் மேயப்போன இடத்தில் இளவட்டங்களிடம் பொறுக்கிவந்த வார்த்தை அது.

"தண்ணிக்குள்ள கிடந்தா யாரும் கூல்தான் அண்ணே!" என்றபடி ஓடியது குருவி.

முட்டைகளைப் பார்த்து, புதருக்குள் இருந்த நரிக்கு எச்சில் ஊறியது. ஆனால் பக்கத்தில் எருமைக் கொம்பு இருக்கிறதே! 'இவனைக் கிளப்பிக் காட்டுக்குள் இழுத்துவிட்டு, சுற்றி வந்து தின்னலாம். மிதிபட்டது போக மிச்சம் நமக்கு!' என்று கணக்குப் போட்டது.

கூட்டுக்குப் பின்னால் போய் நின்று கூவியது. "ஏய் கிழவா! உனக்கு இருக்கிறது வாலா, பிஞ்ச விளக்குமாறா?"

அவ்வளவுதான்! "யாரைடா சொன்னே?" என்று எருமை சேறு தெறிக்கப் பாய்ந்தது. நேரே கூட்டை நோக்கி!

குருவி பறக்கவில்லை. சும்மாவே கத்துகிற குருவி, இப்போது கத்தவும் இல்லை. இரண்டு சிறகையும் முட்டைகள்மேல் விரித்தது. மெதுவாகச் சொன்னது: "அண்ணே, கூல்!"

தூக்கிய குளம்பு குருவியின் தலைக்குமேல் அப்படியே நின்றது. எருமை குனிந்து பார்த்தது. நாலு முட்டை! வெட்கத்தில் காது இரண்டும் தொங்கிப்போயின. குளம்பைத் தள்ளி வைத்து, கூட்டை ஒட்டி நின்றுகொண்டது.

"என்ன விளக்குமாறு, பயந்துட்டியா?" என்றது நரி.

எருமை அசையவில்லை. நரி கொம்பைத் திட்டியது, மூக்கைத் திட்டியது, எருமையின் மாமனாரைக்கூட விடவில்லை. கடைசியில் தொண்டை வறண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

எருமையின் முதுகு வெயிலில் கொதித்தது. அதன் வயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீரும், விழுந்த நிழலும் முட்டைகளைக் குளிரவைத்தன.

"இப்பத்தான் அண்ணே நீங்க கூல்!" என்றது குருவி.

தண்ணீரில் கிடந்தால் நம் உடம்பு மட்டும் குளிரும். கோபத்தை அடக்கினால் நம்மை அண்டியவர்களும் குளிர்வார்கள்.