வஞ்சிக்கொடி மறைத்த பாட்டு

முன்னொரு காலத்திலே, ஆறுகூட மனுஷர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடிய காலத்திலே, இக்கரையில் முத்திருளன் என்றொரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் இருந்தார். அவருக்கு ஒரே மகள், வஞ்சிக்கொடி. வாயைத் திறந்தால் பாட்டுத்தான்!

அவள் பாடாத பாட்டு ஒன்றே ஒன்று. அது அக்கரைப் படகுக்காரன் கயிலனைப் பற்றியது. எப்படிப் பாடுவாள்? அவளுடைய அத்தை கல்யாணத்தை அக்கரைக்காரர்கள் மணவறையிலேயே நிறுத்திவிட்டுப் போன அன்று, "இனி அந்தக் கரையில் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர் அவள் அப்பா. பொழுது சாயும்போது படித்துறையில் நிற்பாள். அவன் துடுப்பை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், பாவம்.

ஒரு நாள் கருங்குடுமி என்ற மந்திரவாதி வந்தான். "உன் மகளை எனக்குக் கட்டிக்கொடு!"

"அவ மனசைக் கேக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன்யா. வேற வீடு பாரு."

வந்ததே கோபம் அவனுக்கு! "அப்படியா? மனசில் இருப்பதை அவள் தினமும் உன் காதில் பாடட்டும். மறைத்தால் நீ கல்!"

முதல் நாள் கொடிக்காலைப் பாடினாள். மனசில் இருந்தது அதுவா? இல்லையே! முழங்கால்வரை கல். இரண்டாம் நாள் செத்துப்போன அம்மாவைப் பாடினாள். மனசில் இருந்தது அதுவா? இல்லையே! இடுப்புவரை கல். மூன்றாம் நாள் அப்பாவையே பாடினாள். கழுத்துவரை ஏறிவிட்டது.

"எதை முழுங்குற தாயி? சொல்லு."

"சொன்னா நீ மனசொடிஞ்சு செத்துருவப்பா."

"சொல்லாட்டி மட்டும் பொழைச்சுக் கெடப்பனா?"

அழுதுகொண்டே பாடினாள்:

"ஆத்துக்கு அந்தாண்ட படகோட்டும் கயிலனப்பா,
பாத்துப் பாத்து நின்னேனே, பாவிமக பேசலப்பா.
கூப்பிட்டா வந்துருவான், கூப்பிடத்தான் வாயில்லப்பா,
நீ போட்ட சத்தியத்தைத் தாண்டத்தான் காலில்லப்பா!"

படார், படார், படார்! கல் உடைந்து உதிர்ந்தது. மந்திரம் திரும்பிப் போய்க் கருங்குடுமியையே பிடித்துக்கொண்டது. நின்ற நிலையில் கல்லானான். நல்லா வேணும் அவனுக்கு!

மகள் முகத்தை முத்திருளன் பார்க்கவில்லை. விறுவிறுவென்று படித்துறைக்கு நடந்தார். "வேணாம்ப்பா, அவரை ஒண்ணும் சொல்லிராதப்பா!" என்று பின்னாலேயே ஓடினாள்.

"சத்தியம் பண்ணுனவன் நான். பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றார். அக்கரையைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"ஏ மாப்ளே! படகை இந்தப் பக்கம் கொண்டாய்யா!"

அன்றைக்கு அந்தப் படகு வந்த வேகம் இருக்கிறதே, அந்த ஆற்றில் அதற்கப்புறம் எந்தப் படகும் அப்படி வந்ததில்லையாம்.