காற்று வாசலில் மூவர்

ஒரு போர் விமானத்தில், எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாசலில் மூன்று காவலர்கள் இருந்தார்கள். பெரியகுழாய், சின்னக்குழாய் என்று இரண்டு உலோகக் குழாய்கள். புதிதாக வந்த லேசர்க்கதிர். வருகிற காற்று சீராக வருகிறதா என்று சொல்வதுதான் வேலை. குழாய்கள் காற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும். கதிர் தொடாமலே பார்த்துவிடும்.

மூவர் சொல்வதையும் கணினி கேட்கும். இருவர் ஒத்துப்போனால் அதுதான் உண்மை, ஒத்துப்போகாதவன் பழுது. அதற்கு மேல் கணினிக்கு யோசிக்கத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாதுதான்.

அன்று சோதனைப் பறப்பு. விமானி ஜெனிட்டா ஒலியை மிஞ்சும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று கதிர் பதறியது.

"காற்று வாசலிலேயே தடுமாறுகிறது! இன்னும் வேகம் கூடினால் எஞ்சினுக்கு மூச்சு நின்றுவிடும்!"

"நேற்று வந்தவனுக்கு வாயைப் பார்," என்றது பெரியகுழாய். "காற்று நன்றாகத்தான் வருகிறது. என்ன தம்பி?"

சின்னக்குழாயின் உடம்பிலும் அந்தத் தடுமாற்றத்தின் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும், "ஆமாம் அண்ணா," என்றது.

கணினி கதிரைப் பழுது என்று ஒதுக்கியது. இனி அது எவ்வளவு கத்தினாலும் கணினியின் காதில் விழாது.

"சார், லேசர் சென்சார் பழுதுன்னு காட்டுது," என்றாள் ஜெனிட்டா ரேடியோவில்.

தரையிலிருந்து பொறியாளர் தில்லைராஜன் பேசினார். "மத்த ரெண்டும் ஒண்ணாத்தானே சொல்லுது? பயப்படாதம்மா, வேகத்தக் கூட்டு."

வேகம் கூடியது. காற்று வாசலில் முட்டித் திரும்பிச் சுழல்வதைக் கதிர் பார்த்துக்கொண்டே இருந்தது. "ஐயோ, அந்தப் பெண் சாகப்போகிறாளே!" என்று அலறியது. அது பக்கத்தில் இருந்த சின்னக்குழாய்க்குக் கேட்டது.

சின்னக்குழாய் கணக்குப் போட்டுப் பார்த்தது. மாற்றிச் சொன்னால் தன்னையும் பழுது என்று கழற்றி எறிவார்கள். சொல்லாவிட்டால் அவளோடு சேர்ந்து எல்லோரும் எரிந்துபோக வேண்டியதுதான்.

"அண்ணா சொல்வது தப்பு!" என்று கத்திவிட்டது. "காற்று தடுமாறுகிறது!"

இப்போது ஒன்றுக்கு ஒன்று. முடிவு சொல்லத் தெரியாமல் கணினி விமானியிடமே கேட்டது.

"சார், ரெண்டும் வேற வேற சொல்லுது. நான் குறைக்கிறேன்!"

பதிலுக்குக் காத்திராமல் ஜெனிட்டா வேகத்தைக் குறைத்தாள். எஞ்சின் ஒரு தடவை வெடித்ததுபோல் விமானத்தையே உலுக்கியது. பிறகு அதற்கு மூச்சு வந்தது.

விமானம் தரையிறங்கியது.

"உனக்கு எப்போது தெரிந்தது?" என்று கதிர் சின்னக்குழாயைக் கேட்டது.

"நீ முதலில் கத்தினாயே, அப்போதே."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"



"அப்போது நீ தனியாக இருந்தாய்."