மயிலை எலும்பு கடிக்கிறது

"டிஏபியா, சூப்பரா, ராக் பாஸ்பேட்டா? ஒண்ணைச் சொல்லுங்கம்மா. போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கறேன்."

ராக்கியண்ணன் கேட்டபோது தெய்வானையம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. ராக்கியண்ணன் சீடர். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். மனைவி போன பிறகு ஞானம் தேடி வந்தவரிடம் மடத்தின் விவசாயத்தை ஒப்படைத்தார்கள். ஞானம் இன்னும் வந்து சேரவில்லை. முதுகுவலி வந்து சேர்ந்துவிட்டது.

"எதுக்கு?" என்றார் அம்மா.

"மணிச்சத்துக்குங்க, பாஸ்பரசுக்கு. கடைக்காரர் டிஏபிதான் உரம், மத்ததெல்லாம் மண்ணுங்கறாரு. வேளாண்மை ஆபீசர் சூப்பர் பாஸ்பேட் போடுங்க, தூவி விட்டாப் போதும், மழையில இறங்கிடும்ங்கறாரு. போன வாரம் வந்த தாடிக்காரத் தம்பி ராக் பாஸ்பேட்டுதான் இயற்கைங்குது. பாறையை அரைச்ச பொடிங்க அது. நம்ம மண்ணுல அது கரையறதுக்குள்ள எனக்குக் கருமாதி முடிஞ்சுரும்."

"எந்தக் காட்டுக்குன்னு கேட்டேன்."

"சோளக்காட்டுக்குத்தானுங்க. வேற எதுக்குப் போடுவாங்க?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"போன வருஷம் சோளம் எப்படி?"

"ஆள் மறைய வளர்ந்துச்சு. கனம் தாங்காம சாஞ்சே போச்சு."

"மாடு?"

ராக்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மடத்துக்கு இரண்டு நிலம். முன்னால் சோளக்காடு. பின்னால் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம், கொறங்காடு என்பார்கள். மாடுகள் பகலெல்லாம் கொறங்காட்டில் மேயும். பொழுது சாய்ந்தால் ராக்கியண்ணன் வேலி வாசல் படலைத் திறந்து, சோளக்காட்டுப் பட்டிக்கு ஓட்டி வந்து அடைப்பார். ராத்திரிச் சாணமும் மூத்திரமும் சோளத்துக்கு. பகலில் கொறங்காட்டில் விழுந்த சாணத்தையும் விட்டுவைக்க மாட்டார். கூடையில் வாரித் தலையில் சுமந்து வந்து சோளக்காட்டில்தான் கொட்டுவார். அவரைப் போலப் பொறுப்பான ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். பாவம், அவரும் அதை நம்பினார்.

"நம்ம மயிலை மாடு எலும்பு கடிக்குதுங்கம்மா," என்றார் கடைசியில்.

"எந்த எலும்பு?"

"வேலியோரம் கெடக்கற எந்த எலும்பா இருந்தாலும். புடுங்கப் போனா முட்ட வருது. காலை ஊனி நடக்க முடியல. மாட்டு டாக்டர் பார்த்துட்டு, புல்லுலயே மணிச்சத்து இல்ல, தாது உப்புக் குடுங்கன்னாரு. குடுக்கறேன். ரெண்டு நாள் தேறுது, மறுபடியும் எலும்பைத் தேடுது. மத்த மாடும் அதே வழியிலதான் போகுது."

"அதுக்கு?"

"நாளைக்கு உர டெம்போ வருது. மூட்டையை இறக்கிட்டு அதே வண்டியில மாட்டையெல்லாம் ஏத்திச் சந்தைக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். என்னால கண் கொண்டு பார்க்க முடியல."

மயிலை அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று. ஈன்றதும் தாய் செத்துப்போனது. நடக்க முடியாத மாட்டைச் சந்தையில் எதற்கு வாங்குவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"எந்த மூட்டைன்னு இன்னிக்கே டெம்போக்காரனுக்குச் சொல்லணுங்க," என்றார் ராக்கியண்ணன்.

"பசிக்குது. எலை போடுங்க."

இரண்டு இலை போட்டார். இரண்டிலும் சோறு வைத்தார். எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

ராக்கியண்ணன் தன் இலையில் கை வைக்கும் முன் அம்மாவின் கை நீண்டது. அம்மா அவர் சோற்றில் ஒரு பிடி அள்ளித் தன் இலையில் போட்டுக்கொண்டார்.

ராக்கியண்ணன் திகைத்துப்போனார். குருவின் இலையில் மிஞ்சியது சீடனுக்குப் பிரசாதம். சீடனின் இலையிலிருந்து குரு எடுத்து அவர் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அம்மா இன்னொரு பிடி அள்ளினார். பிறகு இன்னொன்று.

அம்மாவின் இலையில் சோறு குவிந்து தரையில் சரிந்தது. ராக்கியண்ணன் இலையில் நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. விடியலில் எழுந்த மனிதர். பசியும் அலுப்பும் சேர்ந்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"சாம்பாரா, ரசமா, மோரா?" என்றார் அம்மா.

"எனக்குங்களா?"

"எனக்கு. என் எலைக்கு எதை ஊத்தறதுன்னு கேக்கறேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

"உங்க எலையில சோறு தரையில வழியுதுங்க. எனக்குத்தான் இங்க..."



கொறங்காட்டுப் பக்கமிருந்து கடுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மயிலை எதையோ கடித்தது.

ராக்கியண்ணன் தன் இலையைப் பார்த்தார். பிறகு, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சாணிக் கூடையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அதைத் தூக்கித்தான் முதுகு போனது.

"நான்தானுங்கம்மா," என்றார். "கொறங்காட்டுச் சத்தை ஒரு சாணி விடாம நான்தான் சுமந்தேன்."

அழுதார். அம்மா குவிந்திருந்த தன் இலையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க. அப்புறம் டெம்போக்காரனுக்குப் போன் போடுங்க."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் டெம்போ வந்தது. ஓட்டி வந்தவன் மாரப்பன்.

"சூப்பர்தானுங்க சொன்னீங்க? கொண்டாந்துட்டேன். எப்பவும் போலச் சோளக்காட்டு மேட்டுல இறக்கிடறேன்."

"கொறங்காட்டு வாசல்ல இறக்கு. மேல தார்பாய் போட்டு மூடு. மழை கூடறப்பத் தூவிக்கறேன்."

"புல்லுக்கா?" மாரப்பன் சிரித்தான். "புல்லுக்கு யாருங்கண்ணா உரம் போடறாங்க?"

ராக்கியண்ணன் அவனோடு சேர்ந்து மூட்டையை இறக்கினார்.

மாடுகள் பழக்கப்படி படலுக்கு உள்பக்கம் வந்து நின்றன. மயிலை காலை இழுத்துக்கொண்டு கடைசியாக வந்தது. அவர் கையும் பழக்கப்படி கூடையைத் தேடியது. கூடை மடத்து மூலையிலேயே இருந்தது.

உள்ளே போனார். மாடுகளைச் சுற்றி அங்கங்கே சாணம் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போய் மயிலைக்குத் தாது உப்பு வைத்தார். அதன் வாயிலிருந்த எலும்பை மெல்ல வாங்கினார். இந்தத் தடவை முட்டவில்லை. அலுத்துப்போயிருந்தது அதுவும்.

வெளியே வந்து படலை இழுத்துச் சாத்தினார். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ஏனுங்கண்ணா, உள்ள வெச்சுக் கட்டிட்டா மாட்டை எப்படி ஏத்தறது? நான் சந்தைக்குப் போக வேண்டாமா?"

"நீ மட்டும் போயிட்டு வா," என்றார் ராக்கியண்ணன்.