மஞ்சள் கிடங்கில் மூன்று தாள்கள்

வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நடுவில் "எனக்குத் தெரியும்" என்று கையைத் தூக்கக் கூடாது. கடைசியில் நானே கேட்பேன், உங்கள் சாமர்த்தியத்தை அப்போது பார்க்கலாம்.

ஈரோட்டில் ருக்குமணி என்று ஓர் ஆடிட்டர். அவர் ஆபீசில் ஒரே ஓர் இடம் காலி. பி.காம். முடித்த மூன்று பேர் வந்து நின்றார்கள். கிஷோர், பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கியவன். சம்பத், நாள் முழுக்க உழைத்தாலும் அசராதவன். மூன்றாவது நித்யகலா. அவளுக்குப் பேச்சு திக்கும். நான்கு கம்பெனிகளில் அவள் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். பாவிகள், அரை நிமிஷம் பொறுக்க முடியாதா? ஐந்தாவது கம்பெனி ஒன்று வேலை தருவதாகச் சொன்னது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும். அவளுக்கோ நாலு இடம் போய், நாலு பேரிடம் கேள்வி கேட்கும் வேலைதான் வேண்டும். அன்று காலை பஸ்ஸில் வரும்போதே அந்தக் கம்பெனிக்கு "வரவில்லை" என்று மெயில் போட்டுவிட்டாள். துணிச்சலைப் பாருங்கள்! இந்த வேலையும் கைநழுவினால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ருக்குமணி பேட்டி எடுப்பதில்லை, வேலை கொடுத்துப் பார்ப்பார். மூவரையும் ஒரு வியாபாரியின் மஞ்சள் கிடங்குக்கு அனுப்பினார். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் அது ஓர் அட்டி. வியாபாரி கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு அட்டிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மூட்டை என்ற கணக்கோடு.

"குடோன்ல இருக்கற ஒவ்வொரு மூட்டையும் இந்தப் பட்டியல்ல இருக்குதான்னு பாத்து எழுதிக் குடுங்க. மூணு மணிக்கு மேல தாள் வாங்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கிஷோர் பட்டியலும் கையுமாக ஒவ்வோர் அட்டியாகப் போனான். முன்வரிசையை எண்ணி, பெருக்கி, பச்சை மையில் டிக் அடித்தான். பதினொரு மணிக்குப் பன்னிரண்டு டிக். கதவுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய மேட்டின்மேல் வைத்திருந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். "எல்லாம் சரியாக உள்ளது" என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான்.

சம்பத் அப்படி விடுகிறவன் இல்லை. பட்டியல்படி ஒவ்வோர் அட்டியின்மேலும் ஏறி, மூட்டை மூட்டையாக எண்ணினான். பதினோராம் அட்டியில் பட்டியல் அறுபது என்றது, இருந்தது ஐம்பத்தெட்டு. பிடித்துவிட்டான்! அதே தார்ப்பாய் மேட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டு, அங்கேயே தாளையும் எழுதி முடித்து, இரண்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

நித்யகலா பட்டியலை மடித்துப் பையில் போட்டுவிட்டாள். வெறும் தாளோடு சுவரை ஒட்டி நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி எழுதினாள். ஒன்பது அட்டி முடித்து, சம்பத் போன பிறகு கதவுப் பக்கம் வந்தாள். தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே நாற்பது மூட்டை.

"இது யா... யாருதுங்க?" என்று கிடங்கு மேஸ்திரியைக் கேட்டாள்.

"பக்கத்துக் குடோன்காரரு மழைக்கு வெச்சாருன்னாங்க அம்மிணி. எனக்குச் சரியாத் தெரியாதுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தாள். பக்கத்துக் கிடங்கு பூட்டிக் கிடந்தது. மணி இரண்டரை, ஆபீசுக்குப் போய்ச் சேரத்தான் நேரம் இருந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தாளைக் கொடுத்தாள். அதில் இருந்தது இது: "பதின்மூன்றாவதாக ஓர் அட்டி இருக்கிறது, நாற்பது மூட்டை. பட்டியலில் இல்லை. யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் அட்டிகளை நான் எண்ணவில்லை."

முடிவு தெரிய ஆபீசிலேயே காத்திருந்த கிஷோர் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எண்ணலைன்னு நீங்களே எழுதிக் குடுத்தா எந்த ஊர்லங்க வேலை குடுப்பாங்க?"

முதலில் முடித்தவன் ஒருவன். பன்னிரண்டையும் எண்ணிக் குறையைப் பிடித்தவன் ஒருவன். பாதியில் விட்டு வந்தவள் ஒருத்தி. இப்போது சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? வேலை யாருக்கு?

விடை: ருக்குமணி கேட்ட கேள்வியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். கிடங்கில் இருப்பது பட்டியலில் இருக்கிறதா என்றுதான் கேட்டார். பையன்கள் இருவரும் பட்டியலில் இருப்பது கிடங்கில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதனால்தான் நாற்பது மூட்டைமேல் ஒருவன் பையை வைத்தான், இன்னொருவன் சோறு தின்றான்! சம்பத் பிடித்ததும் நல்ல பிடிதான், அடுத்த இடம் காலியானால் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார் ருக்குமணி. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியவள் நித்யகலா ஒருத்திதான். எண்ணாததை எண்ணியதாக அவள் எழுதவில்லை, எண்ணாத மூன்றை மறுநாள் எண்ணிக்கொள்ளலாம். வேலை அவளுக்கே. திங்கட்கிழமை அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த நாற்பது மூட்டைக்கு உடையவரைக் கண்டுபிடிப்பது. பக்கத்துக் கிடங்குக்காரர் "நீங்க யாருங்க?" என்றார். "ஆ... ஆடிட்டர் ருக்குமணி ஆபீஸ்லிருந்து வர்றேனுங்க. எம் பேரு நி... நித்யகலா" என்று முழுசாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த மனிதர் சாவியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.