கொண்டையன் கொடுத்த வால்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கு மலைக்காட்டில் கொண்டையன் என்றொரு கரிச்சான் குருவி இருந்தான். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. ஆளைவிட அவன் வால்தான் பிரசித்தம். அகலமாய், மினுமினுவென்று அப்படியொரு வால்! அந்த வாலைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தார்கள். பெண் பெயர் நீலாயி. கொண்டையனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் பார்த்து ஒரு சிட்டுக்குருவி ஜோடி காடு பார்க்க வந்து நின்றது. மனைவி வடிவு, புருஷன் சங்குமுத்து.

"அண்ணே, இருவாச்சிப் பொண்டாட்டி பொந்துக்குள்ள அடைகாக்கும்போது புருஷன் பழம் கொண்டாந்து ஊட்டுவானாமே? அதை இவருக்குக் காட்டணும்" என்றாள் வடிவு.

"எனக்கு எதுக்கு?" என்றான் சங்குமுத்து.

"பார்த்தாவது புத்தி வருதான்னு பார்ப்போம்."

கொண்டையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூட்டிப்போய்க் காட்டினான். பார்த்துவிட்டு வடிவு கண் கலங்கினாள். சங்குமுத்து அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

திரும்பும் வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. பறந்தால் மரத்தில் மோதிச் சாக வேண்டியதுதான்.

"ஆளுக்கொரு வாலிறகு நுனியைக் கெட்டியாக் கவ்விக்கோங்க. எனக்கு வழி அத்துப்படி, நடந்தே போயிருவோம். என்ன ஆனாலும் விட்டுராதீங்க" என்றான் கொண்டையன். நாளைக்கு மாப்பிள்ளை ஆகப்போகிறவன் எவனாவது இப்படி வாலைக் கொடுப்பானா, சொல்லுங்கள்! வடிவு வாயை மூடியிருந்தது அந்த ஒரு நாள்தான் என்று சங்குமுத்து பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானாம்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் சருகு சரசரத்தது. ஐயோ, காட்டுப்பூனை! வாடை பிடித்துக்கொண்டு வருகிறது. பூனை நுழையாத இடம் பிரம்பு முட்புதர் ஒன்றுதான். கொண்டையன் அதற்குள் புகுந்தான். பாதியில் வால் முள்ளில் மாட்டிக்கொண்டது.

"கொஞ்சம் விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாலைப் பதமாக எடுத்துவிடலாம். ஆனால் விட்டால் அந்த இரண்டும் திக்குத் தெரியாமல் பூனை வாயில்தான் போய் விழும். நீலாயி முகம் அவன் மனசில் வந்து நின்றது. 'போனால் போகட்டும்' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தான்.

புதரைத் தாண்டியபோது குருவிகள் இரண்டும் முழுசாக இருந்தன. வால்தான் போயிற்று. ஓரத்து இறகுகள் இரண்டும் இழுத்த இழுப்பில் நீண்டு, தென்னை ஈர்க்குப் போல மொட்டையாகிவிட்டன. குருவிகள் கவ்வியிருந்த நுனியில் மட்டும் கொஞ்சம் தூவி மிச்சம்.

மறுநாள் நீலாயியின் அம்மா, "ஐயே, இதென்ன கோலம்!" என்று முகத்தைச் சுளித்தாள். கொண்டையன் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நீலாயி அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவ்வளவு வலியிலேயும் உதறிவிடத் தோணலையா?"

"என்னை நம்பிப் பிடிச்சிருந்தாங்களே."

நீலாயி திரும்பி, "அம்மா, எனக்கு இவரே போதும்" என்றாள்.

அன்று முதல்தான் அந்த வம்சத்துக் கரிச்சான்கள் நுனியில் துடுப்பு மாட்டியது போன்ற வாலோடு பிறக்கின்றன. காட்டில் சின்னப் பறவைகளும் அந்த வாலை நம்பிக் கூட்டம் கூட்டமாகப் பின்னாலேயே போகின்றன.