கொம்பு இங்கே, மான் எங்கே?

முள்ளம்பன்றி தன் முள்ளை அம்புபோல் எய்யும் என்று நம்புகிறவர்கள், தயவுசெய்து அந்த நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு மேலே படிக்க வேண்டும். எய்யாது. ஒருபோதும் எய்ததில்லை. சில சமயம் முள் உதிரும்; அவ்வளவுதான்.

வேலங்காட்டு மிருகங்களுக்கு இது தெரியாது. ஆகவே அங்கிருந்த முள்ளம்பன்றியின் பக்கம் யாரும் போவதில்லை, ஒரு முயலைத் தவிர. மாலையானால் முயல் வளை வாசலுக்கு வந்து காட்டு வம்பெல்லாம் பேசும். அந்த நேரத்துக்காகவே முள்ளம்பன்றி பகல் முழுவதும் காத்திருக்கும்.

ஒரு மாலை முயலோடு கீரியும் வந்தது. வாசலில் ஒரு மான்கொம்பு கிடந்தது. அதன்மேல் பல் தடம்.

"இது கிளைக்கொம்பன் அண்ணனுடைய கொம்பு!" என்று கீரி அலறியது. "அவரைக் கொஞ்ச நாளாகவே காணோம். கொம்பு இங்கே, மான் எங்கே? உன் வயிற்றில்!"

"ஐயோ, நான் கிழங்கு தின்கிறவன்!" என்றது முள்ளம்பன்றி. "என் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்க்கத்தான் கொம்பைக் கடிக்கிறேன். இது ஓடைக்கரையில் கிடந்தது. மானுக்குக் கொம்பு தானாக விழும், மறுபடி முளைக்கும்."

"விழுமாம், முளைக்குமாம்! நாளைக்கு என் வாலும் விழுந்து முளைக்குமோ?"

"ஓடைக்கு அப்பால் மான்கள் மேய்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!"

"கொம்பையே பார்த்தாயிற்று. இன்னும் என்னத்தைப் பார்க்க?"

முள்ளம்பன்றி முயலின் பக்கம் திரும்பியது. "தம்பி, நீயாவது போய்ப் பாரேன்."

முயல் பல் தடத்தைப் பார்த்தது. திரும்பிப் போன கீரியின் பின்னால் நடந்தது.

மறுநாள் மாலை முள்ளம்பன்றி வாசலில் காத்திருந்தது. அதற்கு மறுநாளும் காத்திருந்தது. யாரும் வரவில்லை.

மழை தொடங்கியபோது ஓடையைத் தாண்டி ஒரு மான் வந்தது. தலையில் கொம்பில்லை, இரண்டு சின்ன மொட்டுகள்தான்.

"என்ன கீரி, சௌக்கியமா?"

"நீ யாரம்மா?"

"அம்மாவா! நான் கிளைக்கொம்பனடா!"

"அவர் செத்துப் போய்விட்டாரே, தாயே! நாங்கள் அழுதுகூட முடித்துவிட்டோமே!"

மான் கோபத்தில் காலை உதைத்துக் கத்தியது. கீரியின் பக்கத்தில் நின்ற முயல் அந்தக் குரலை அறியும். அடுத்த நொடி அது வளையை நோக்கி ஓடியது.

"முள்ளண்ணே! முள்ளண்ணே!"

வளை காலியாக இருந்தது.

போய்ப் பார்த்து அறியக்கூடிய ஒன்றை உட்கார்ந்த இடத்திலேயே ஊகித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முயல் இப்போதும் மாலையில் அந்த வாசலுக்கு வருகிறது. உள்ளே ஓர் உடும்பு குடியிருக்கிறது. அது பேசுவதில்லை.